ஏடும் நிலமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் பழமொழி. ஏட்டிலுள்ள காயைக் கொண்டு குழம்பு வைக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் அரசாட்சி என்பது பெரும்பாலும் ஏட்டைக் கொண்டே நடைபெறுவது. கோட்டையிலிருந்து ஆணை பிறப்பிப்பவர் எல்லா வயல்களையும் வாய்க்கால்களையும் நேரிற் சென்று கண்டவர் அல்லர். அவர் காண்பது கணக்கு ஒன்றே. கணக்கு நிலத்தோடு பொருந்தியிருந்தால் ஆட்சி நேராக நடக்கும். பொருந்தாவிட்டால் ஏட்டில் ஏரி இருக்கும், தரையில் இராது; தரையில் குடிசை இருக்கும், ஏட்டில் இராது. ஏட்டையும் நிலத்தையும் ஒன்றோடொன்று பொருத்துவதற்கு மனிதர் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் முயற்சியின் அண்மைக்கால வடிவமே புவியியல் தகவல் அமைப்பு. அம்முயற்சியின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைப்பதே என் நோக்கம்.

வரலாற்றைப் பொதுவாகச் சொல்லிச் செல்வதினும் ஓர் ஊரில் ஊன்றி நின்று சொல்வது நலம். நான் தேர்ந்துகொண்ட ஊர் சென்னீர்குப்பம். திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி வட்டத்தில், பூந்தமல்லியை அடுத்து, ஆவடி செல்லும் சாலையில் அமைந்த ஊர் அது. சரித்திர நூல்கள் விரித்துப் பேசும் ஊர் அன்று. ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூர், இன்று சென்னை மாநகரின் மேற்குப் புறநகர். வடக்கே கூவம் ஆறு ஓடுகின்றது. தென்மேற்கே சில கல் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கின்றது. ஊரின் பெயரிலேயே நீர் என்னும் சொல் அமைந்திருப்பதையும் கவனியுங்கள். நம் நாட்டில் இத்தகைய ஊர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஓர் ஆட்சியின் கணக்கு சரியா தவறா என்பது தலைநகரின் பெருவீதிகளில் தெரிவதில்லை. இத்தகைய ஊர்களில்தான் தெரியும்.

நிலத்தை அளந்து எழுதி வைக்கும் வழக்கம் நமக்கு வெளிநாட்டார் கற்றுத் தந்தது அன்று. கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் தன் நாட்டை அளப்பித்த செய்தி யாவரும் அறிந்ததே. அவ்வாறு அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர் வழங்கிற்று. நிலத்தை வேலி, மா, காணி என்று பகுத்து, அதற்கும் கீழே மிக நுண்ணிய பின்னங்கள் வரை கணக்கிட்டுக் கல்லில் பொறித்தனர். ஆயினும் அக்கணக்கில் படம் இல்லை. எல்லைகள் சொற்களாலேயே குறிக்கப்பட்டன. கிழக்கெல்லை இன்ன வாய்க்கால், தென்னெல்லை இன்னாருடைய வயல் என்று நான்கு திசையும் எழுதுவர். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டபோது, பெண் யானை ஒன்றை நடத்தி அவ்வூரின் எல்லை வரையறுக்கப்பட்டதாக லெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்த சோழச் செப்பேடு கூறுகின்றது. யானை நடந்த வழியை ஊரார் கண்டனர். கண்டவர் நினைவே அவ்வெல்லைக்குக் காவல்.

அக்காலக் கல்வெட்டுகளில் மற்றொரு செய்தியும் உண்டு. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதனின்றும் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கோயில், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதையே வரி கட்டும் நிலமாகக் கொண்டனர். இந்தக் கழித்தலை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் சொல்லப்போகும் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கின்றது.

சோழர் காலத்தைக் கடந்து பதினெட்டாம் நூற்றாண்டிற்கு வருவோம். 1763இல் ஆர்க்காட்டு நவாபு, சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். பூந்தமல்லி வட்டாரமும் அதனுள் அடங்கியதே. கைக்கு வந்த சீமையில் என்ன இருக்கின்றது என்பது கம்பெனியாருக்குத் தெரியாது. எனவே 1767இல் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரை அளவைப் பணியில் அமர்த்தினர். 1774 வரை அப்பணி நடந்தது. ஊர் ஊராக வீடுகள், ஏரிகள், கோயில்கள், விளைநிலங்கள், விளைச்சலில் ஊர்ப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஆகிய அனைத்தும் தொகுக்கப்பட்டன. அவற்றையெல்லாம் சொன்னவர்கள் ஊர்க் கணக்கர்களே. அவர்கள் தமிழில் எழுதிய ஓலைச்சுவடிகளின் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களைப் பற்றிய கணக்கு அது. பர்னார்டு ஜாகீர்ச் சீமையின் படம் ஒன்றையும் வரைந்தார். ஏடும் படமும் ஒரே முயற்சியில் உருவாயின. ஆனால் ஏடு தமிழில் ஓலையில் இருந்தது. படம் ஆங்கிலத்தில் தாளில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடியவர் அரியர்.

அதன் பின் அளவைக் கலை விரைந்து வளர்ந்தது. 1794இல் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பெற்றது. இன்று கிண்டியில் விளங்கும் பொறியியற் கல்லூரியின் தொடக்கம் அதுவே. 1802 ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலையின் அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அக்கோட்டை அடியாக வைத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கன்னியாகுமரியிலிருந்து இமயம் வரை அளந்த பெரும்பணி பின்னர் நிறைவேறிற்று. சென்னீர்குப்பத்திலிருந்து பரங்கிமலை நெடுந்தொலைவு அன்று. இந்தியா முழுமைக்குமான படம் நம் அண்டையிலிருந்து புறப்பட்டது என்று மாணவர்கள் பெருமை கொள்ளலாம்.

லாம்டன் அளந்தது நாட்டின் வடிவத்தை. தனித்தனி வயலை அளந்தது வேறொரு துறை. தாமஸ் மன்றோ போன்றோர் ஊன்றிய இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வோர் உழவனிடமும் நேரே வரி கொண்டது. எனவே ஒவ்வொரு வயலின் பரப்பும் அரசுக்குத் தெரிதல் வேண்டும். 1858இல் சென்னை மாகாணத்தில் இதற்கெனவே நில அளவைத் துறை அமைந்தது. நூறு கண்ணிகளும் அறுபத்தாறு அடி நீளமும் கொண்ட சங்கிலியைத் தோளில் சுமந்து அளவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். அச்சங்கிலிக் கணக்கில் பத்துச் சதுரச் சங்கிலி கொண்டது ஓர் ஏக்கர். ஒவ்வொரு புலத்திற்கும் ஓர் எண் தந்தனர். மூலைகளில் கல் நட்டனர். புலத்தின் குறுக்கே கோடிட்டு, அதிலிருந்து வளைவுகளுக்குள்ள செங்குத்துத் தூரத்தை அளந்து, ஒவ்வொரு புலத்தையும் தனித்தாளில் வரைந்தனர். அதுவே புலப்படம். புலத்தின் பரப்பு, தீர்வை, உடையவர் பெயர் ஆகியன அ பதிவேட்டில் ஏறின. ஆண்டுதோறும் பயிர்க் கணக்கு அடங்கலில் ஏறியது. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இம்முறைக்கு உறுதி தந்தது.

இம்முறையின் திட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நூறாண்டுக்கு முன் வரைந்த புலப்படத்தைக் கொண்டு இன்றும் எல்லைக்கல் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் அளவர்கள் நம்மிடையே உள்ளனர். ஆனால் எந்தப் படமும் ஒரு கேள்விக்கு விடையாகவே பிறக்கின்றது. இப்படங்களைப் பிறப்பித்த கேள்வி ஒன்றே: எந்த நிலத்திலிருந்து எவ்வளவு வரி வரும்? வரி தரும் வயலை அங்குலக் கணக்கில் அளந்தனர். மக்கள் குடியிருந்த நத்தத்தையோ ஒரே தொகுதியாகக் கோடிட்டு விட்டுவிட்டனர். அதனுள் யார் வீடு எங்கே என்று அளக்கவில்லை. வீட்டுக்குத் தீர்வை இல்லை. ஆகவே வீட்டுக்குப் படமும் இல்லை. ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், பாதை ஆகியன புறம்போக்கு என்று எழுதப்பட்டன. அச்சொல்லைச் சற்றே நின்று நோக்குங்கள். வரிக்கணக்கிற்குப் புறம்பே போனது புறம்போக்கு. ஊர் முழுவதும் நீர் குடிப்பது எந்த ஏரியிலோ, அந்த ஏரி கணக்கில் புறத்தே நிற்பது! பயனற்றது என்பது அச்சொல்லின் பொருள் அன்று. எனினும் நாளடைவில் கேட்பாரற்றது என்னும் பொருளை அது பெற்றுவிட்டது. வசைச்சொல்லாகவும் அதனைச் சிலர் வழங்குகின்றனர். சோழர் காலத்துக் கழித்தலின் வழிவந்தது இது என்பதை இப்போது உணர்ந்திருப்பீர்கள்.

ஏட்டிலும் படத்திலும் இல்லாததை யார் அறிந்திருந்தார்? ஊர்க் கணக்குப்பிள்ளை அறிந்திருந்தார். எந்த மடை எவ்வயலுக்குப் பாயும், எந்தப் பங்கு எந்த மகனுக்குப் போயிற்று, எந்தக் கல் யார் காலத்தில் இடம் பெயர்ந்தது என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. நல்லவர் கையில் அந்நினைவு ஊருக்குக் காப்பாயிற்று. அல்லாதார் கையில் அதுவே ஏழையை அச்சுறுத்தும் கருவியும் ஆயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத உழவன் தன் நிலத்தைப் பற்றித் தானே அறிய இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 1980இல் தமிழ்நாட்டரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அவ்விடத்தில் தேர்வு பெற்று வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்ந்தனர். பரம்பரை ஆதிக்கம் நீங்கியது நன்மையே. ஆனால் பரம்பரை நினைவும் உடன் நீங்கிற்று. அதன்பின் அரசு தன் ஏட்டையே முற்றும் நம்ப வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் வேறு நாடுகளில் நடந்தவற்றையும் பார்ப்போம். 1854இல் இலண்டனில் சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவி அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் பட்டியல் அரசிடம் இருந்தது. பட்டியலைப் படித்தவர் பலர். காரணத்தைக் கண்டவர் இலர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறப்பு நேர்ந்த வீடுகளை வீதிப்படத்தில் கோடுகளாகக் குறித்தார். அக்கோடுகள் பிராடு வீதியில் இருந்த ஒரு குடிநீர்க் குழாயைச் சூழ்ந்து திரண்டிருந்தன. பட்டியல் சொல்லாத உண்மையைப் படம் சொல்லிற்று.

ஆனால் கையால் வரையும் படத்தில் சில செய்திகளையே குறிக்க இயலும். மண், காடு, பயிர், மக்கள், சாலை என அனைத்தையும் ஒருங்கே ஒப்பிட வேண்டுமானால் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 1960களில் கனடா நாட்டரசு தன் பரந்த நிலவளத்தைக் கணக்கெடுக்க முற்பட்டபோது இத்தொல்லை பெரிதாயிற்று. ரோஜர் டாம்லின்சன் என்னும் புவியியலாளர், படங்களை எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் ஏற்றும் வழியை வகுத்தார். 1968இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே புவியியல் தகவல் அமைப்பு என்னும் பெயர் இடம்பெற்றது. இத்துறையின் தந்தை என்று அவரை அழைப்பர். தொடக்கத்திலிருந்தே இது அரசாங்கத்தின் தேவையில் பிறந்த கலை என்பது கவனிக்கத்தக்கது.

இதன் இயல்பு யாது? புவியின் மேலுள்ள ஒவ்வோர் இடத்திற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்கள் உண்டு. சென்னீர்குப்பம் வடக்கே 13 பாகைக்குச் சற்று மேலும், கிழக்கே 80 பாகைக்குச் சற்று மேலும் உள்ளது. ஒரு வயலின் மூலைகளை இவ்வெண்களால் குறித்துவிட்டால் வயலின் வடிவம் கணிப்பொறிக்குத் தெரிந்துவிடும். அவ்வடிவத்தோடு பதிவேட்டின் வரியையும் பிணைத்துவிடலாம். படத்தில் வயலைத் தொட்டால் ஏடு திறக்கும். ஏட்டில் பெயரைத் தொட்டால் வயல் தோன்றும். வருவாய்த் துறையின் புல எல்லை ஓர் அடுக்கு. நீர்வளத் துறையின் ஏரியும் ஓடையும் ஓர் அடுக்கு. சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்கம்பம் ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. வானிலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படம் எல்லாவற்றிற்கும் அடியில் விரிந்திருக்கும் அடுக்கு. தனித்தனி அலுவலகங்களில் ஒன்றையொன்று அறியாமல் உறங்கிய ஏடுகள் இங்கே நேருக்கு நேர் நிற்கின்றன. ஓர் ஏடு ஏரி என்பதை மற்றோர் ஏடு மனை என்று சொல்லுமானால் அம்முரண்பாடு மறைந்திருக்க வழியில்லை.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் படிப்படியாக அமைந்தது. 1988இல் நம் நாட்டின் முதல் செயல்பாட்டு நிலைத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.1ஏ விண்ணில் ஏவப்பட்டது. 2008இல் தேசிய நில ஆவணங்கள் நவீனமயமாக்கும் திட்டம் தொடங்கிற்று. 2009இல் இஸ்ரோ நிறுவனம் புவன் என்னும் படத்தளத்தை மக்களுக்குத் திறந்தது. தமிழ்நாட்டில் பட்டா, அ பதிவேடு, புலப்படம் ஆகியன கணிப்பொறியில் ஏறின. இன்று உரியவர் வீட்டிலிருந்தே அவற்றைக் காணலாம். முற்காலத்தில் கணக்குப்பிள்ளையின் வாசலில் நின்றவனின் பேரன், கைப்பேசியில் தன் புல எண்ணை எழுதித் தன் நிலத்தைப் பார்க்கின்றான். நத்தம் நிலவரித் திட்டத்தின் கீழ் நம் மாநிலத்தில் குடியிருப்பு மனைகள் அளக்கப்பட்டன. 2020இல் மத்திய அரசு தொடங்கிய சுவாமித்வா திட்டம் ஆளில்லா வானூர்திகளைக் கொண்டு நாட்டின் சிற்றூர்க் குடியிருப்புகளைப் படமெடுக்கின்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெற்றிடமாக விடப்பட்ட நத்தம் இவ்வாறு படத்தில் நிரம்பி வருகின்றது.

இவ்வளவும் ஆனபின் குறை ஏதும் இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு. நம் புலப்படங்கள் ஒவ்வொன்றும் தனித்தாளில், தன் அளவில் தான் நிற்பவை. அவற்றில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. அவற்றைப் புவியின் மேல் அடுக்கும்போது சிலவிடத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சிலவிடத்து இடையே வெளி விழும். அந்த மெல்லிய இடைவெளி கணிப்பொறித் திரையில் ஒரு கோடு. ஊரிலோ அது ஒருவனுடைய சுவர், ஒருவனுடைய வழி. மேலும் சென்னீர்குப்பம் போன்ற புறநகரில் ஒரு வயல் பத்து மனையாகவும் ஒவ்வொரு மனையும் இரண்டாகவும் உட்பிரிவு அடைகின்றது. விற்பனை பதிவு அலுவலகத்தில் நிகழ்கின்றது. அளவையோ வருவாய்த் துறையின் பணி. இரண்டிற்கும் இடையே நாள் கடந்தால் ஏடு மறுபடியும் நிலத்தை விட்டு விலகிவிடும். அளவர் ஒருவர் வெயிலில் நின்று கல்லைப் பார்த்து அளந்தாலன்றிக் கணிப்பொறி தானாக உண்மையை உண்டாக்காது. தவறான ஏட்டைக் கணிப்பொறியில் ஏற்றினால் தவறு விரைவாகப் பரவும், அவ்வளவே.

ஏடும் நிலமும் பிரிந்தால் வரும் கேட்டை 2015ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது. அந்த ஆற்றின் கரைகளிலும், பழைய தாழ்நிலங்களிலும், நீர் போகும் வழிகளிலும் வீடுகள் எழுந்திருந்தன. நீரோ எந்தப் பட்டாவையும் படித்துப் பார்ப்பதில்லை. மேட்டையும் பள்ளத்தையும் மட்டுமே அது அறியும். அவ்வெள்ளத்தின் பின்னர் சென்னைப் பெருநகருக்கென வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்று 2019இல் ஏற்பட்டது. மழையளவு, ஆற்றின் நீர்மட்டம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைப் படத்தின் மேல் பொருத்தி, எவ்விடத்தில் எவ்வளவு நீர் ஏறும் என்று கணிப்பது அதன் பணி.

ஏரிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007லேயே சட்டம் இயற்றப்பட்டது. முதலில் ஏரியை அளந்து அதன் எல்லையைக் குறிக்க வேண்டும். அதன் பின்னரே ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பது அதன் முறை. எல்லை தெரியாமல் காவல் இல்லை. ஆனால் இங்கே மற்றொரு நீதியும் உண்டு. புறம்போக்கில் எழுந்தவை எல்லாம் செல்வர் மாளிகைகள் அல்ல. வேறு புகலின்றி ஓடைக்கரையில் குடிசை இட்டவரும் உளர். பட்டா இல்லாமையால் ஏட்டில் அவர்கள் இல்லை. படத்தில் ஏரியின் எல்லையை மட்டும் வரைந்துவிட்டு அக்குடிசைகளை வரையாது போனால், ஏரி மீளும், மனிதர் மறைந்துவிடுவர். எத்தனை குடும்பம், எங்கே பள்ளி, எங்கே மாற்று மனை என்னும் அடுக்குகளும் அதே படத்தில் இடம் பெறல் வேண்டும். அதற்கு இடந்தரும் ஆற்றல் இன்றைய கருவிக்கு உண்டு. வேண்டுவது அவ்வாறு கேட்கும் மனம்.

என் கருத்தை இனித் தொகுத்துச் சொல்லலாம். இராசராசனின் கோலும், பர்னார்டின் ஓலையும், அளவரின் சங்கிலியும், இன்றைய கணிப்பொறியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. முன்னைய மூன்றும் பெரும்பாலும் ஒரே கேள்விக்கு விடை தேடின: வரி எவ்வளவு? அதனால் ஏரியும் பாதையும் நத்தமும் புறத்தே நின்றன. இன்றைய கருவி ஆயிரம் கேள்விகளைத் தாங்கும். மழைநீர் எவ்வழி போகும்? குழந்தை பள்ளிக்கு எத்தனை கல் நடக்கின்றது? எந்தத் தெருவில் நோய் பரவுகின்றது? எந்தக் கிணற்றில் நீர்மட்டம் தாழ்கின்றது? இக்கேள்விகளை அரசு கேட்டால் படம் விடை சொல்லும். அரசு கேட்க மறந்தால் குடிமக்கள் கேட்கலாம். ஏனெனில் அந்த ஏடு இப்போது அவர்களும் காணக்கூடிய இடத்தில் இருக்கின்றது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் படத்தை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். அதில் ஏரி என்று குறித்த இடத்திற்கு நடந்து செல்லுங்கள். வாய்க்கால் என்று கோடிட்ட வழியே அதன் முடிவு வரை போங்கள். படத்தில் இருந்து தரையில் இல்லாதது எது, தரையில் இருந்து படத்தில் இல்லாதது எது என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி பிடித்தவர்கள் தொடங்கிய வேலையின் எஞ்சிய பகுதி அதுவே. அதற்கு உங்கள் கால்களும் கண்களும் போதும்.